ஷோகேசுக்குப் பின்னால ஒரு ஜன்னல்

எங்கட ஹோல்ல பகல் பன்னிரண்டு மணிக்கும் லைற் போட்டாத்தான் பேப்பர் வாசிக்கலாம். வீடு இருக்கிறது மட்டக்களப்புக் கல்லடியில, மெயின் றோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு ஒழுங்கையில. வெளியில நிண்டா வெயில் கண்ணக் கூசும், உள்ளுக்க வந்தா கொஞ்ச நேரத்துக்கு ஒண்டும் தெரியாது, கதிரையத் தடவித்தான் இருக்கணும். பிறந்ததில இருந்து அப்பிடியே பழகிட்டதால அது ஒரு குறை எண்டே எனக்குப் படல. ஹோலெண்டா இருட்டாத்தான் இருக்கும், வெளிச்சம் வேணுமெண்டா விறாந்தைக்குப் போகணும், அவ்வளவுதான்.

போன மாரியில மகனுக்கு மூண்டு தரம் மூச்சு இழுப்பு வந்திட்டு. கடைசித் தரம் கொண்டு போன நேரம் டொக்டர் மருந்து எழுதிப்போட்டு, "பிள்ளை விளையாடுற இடத்துல ஈரச்சுவர் இருக்கா, பூஞ்சணம் பிடிச்சிருக்கா" எண்டு கேட்டார். வீட்ட வந்து செற்றிய இழுத்துப் பாத்தன். சுவர்ல இடுப்பு உயரத்துக்கு பெயின்ற் கொப்பளிச்சு நிக்குது, விரலால தொட்டா வெள்ளையா உப்புக் கொட்டுது, அதுக்குக் கீழ கறுப்பாப் பூஞ்சணம். அவன் ஒளிச்சு விளையாடுறது அந்தச் செற்றிக்குப் பின்னாலதான். அண்டைக்கு ராவே என்ட மனுசனிட்டச் சொன்னன், வருசப்பிறப்பு முடிஞ்ச கையோட ஹோலத் திருத்தத்தான் வேணும், கடன்பட்டாலும் பரவாயில்ல எண்டு.

வீட்டப் பத்திக் கொஞ்சம் சொன்னாத்தான் மிச்சம் விளங்கும். எங்கட பக்கம் வீடு வளவு எல்லாம் பொம்புளப் பிள்ளைக்குத்தான், சீதனமா எழுதிக் குடுத்திட்டுத் தாய் தகப்பன் பின்னால சின்னதா ஒண்டு கட்டிக்கொண்டு ஒதுங்கிடுவாங்க. இந்த வீடு 1961ல அம்மம்மாட கலியாணத்துக்குக் கட்டினது, மறுகா அம்மாக்கு வந்து, 2016ல என்ட கலியாணத்தோட எனக்கு வந்திட்டு. அம்மாவும் அப்பாவும் பின் வளவுல ரெண்டு அறை வீட்டுல இருக்காங்க, ஆனா விடிஞ்சா பொழுதுபட்டா அம்மா எங்கட ஹோல்லதான். அதனால ஹோல்ல ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் மூண்டு தலைமுறைட்டக் கேக்கிற மாதிரி. ஒரு தலைமுறை போட்டோவா மேல தொங்குது, அதுக்குப் பக்கத்துல விபுலாநந்த அடிகள்ட படம். அம்மப்பா அடிகள் தொடங்கின சிவானந்தாப் பள்ளிக்கூடத்துல படிச்சவர், அந்தப் படத்த அவர் இருக்கும் வரைக்கும் ஒருத்தரும் அசைச்சதில்ல.

முதல்ல டவுன்ல இருந்து வீட்டு வேலை எடுத்துச் செய்யிற ஒரு பாஸக் கூப்பிட்டுக் காட்டினம். அவர் ஒரு கால் மணித்தியாலம் பாத்திட்டு, தரைக்கு மாபிள், சுவருக்கு நாலடி உயரத்துக்கு மாபிள், மேல பிளாஸ்ரிக் சீலிங், "ஒரு மாசத்துல புது வீடு மாதிரி ஆக்கித்தாறன் தங்கச்சி" எண்டார். அவர் சொன்ன காசு எங்களுக்குக் கிட்டவும் ஏலாது, அது வேற கதை. ஆனா அவர் சொன்னதெல்லாம் மூடுற வேலை. உப்புச் சுவர மாபிளால மூடு, சிவப்புத் தரைய மாபிளால மூடு, கூரைய சீலிங்கால மூடு. எனக்கு மூடி அனுபவம் இருக்கு. 2012ல ஒரு கடையில சொன்னாங்க எண்டு தண்ணி புகாத பெயின்ற் வாங்கி நானும் தம்பியும் ரெண்டு கோற் அடிச்சம், அடிச்ச நேரம் கண்ணாடி மாதிரி இருந்திச்சு, ரெண்டு மாரி தாண்டல, சுவர்த் தோல் உரிஞ்ச மாதிரி பெரிய பெரிய துண்டா விழுந்திட்டு. அதோட பழைய சாந்தும் சேர்ந்து வந்திட்டு.

ஏன் அப்பிடி எண்டது இந்த வருசம்தான் எனக்கு ஒழுங்கா விளங்கினது. 2004 டிசம்பர் 26 கடல் வந்த நேரம் இந்த ஹோல்ல தண்ணி இடுப்பளவு நிண்டிருக்கு. தண்ணி போயிட்டு, உப்பு போகல. அது செங்கல்லுக்குள்ளயும் சாந்துக்குள்ளயும் ஊறிக் கிடக்கு. ஒவ்வொரு மாரிக்கும் நிலத்தண்ணி சுவர்ல ஏறும், அந்த உப்பக் கரைக்கும், மறுகா மேற்கால வாற வரண்ட கச்சான் காத்து தொடங்கிச் சுவர் காயிற நேரம் தண்ணி ஆவியாப் போகும், உப்பு மட்டும் வெளிப்பக்கம் வந்து கட்டியாகி பெயின்றத் தள்ளும். சுவர் மூச்சு விடப் பாக்குது, நாங்க வாயப் பொத்தினா அது எங்கால வெடிக்கும்? மாபிள் ஒட்டினாலும் அதேதான், மாபிள் முடியிற இடத்துக்கு மேல உப்பு ஏறும். எங்கட சொந்தத்துலயே ஒரு வீட்டுல நாலடிக்கு மாபிள் பதிச்சு இப்ப ஆறடியில உப்புப் பூத்து நிக்குது, நான் கண்ணால பாத்தது.

அந்தக் காலத்துச் சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்து. கல்குடாப் பக்கம் முருகைக்கல்லச் சூளையில வைச்சுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தாங்க, இப்ப முருகைக்கல் உடைக்கிறது தடை, கடலுக்கும் அதுதான் நல்லம். ஆனா சுண்ணாம்புச் சுவருக்கு மேல இறுக்கமான சீமெந்துப் பூச்சும் பிளாஸ்ரிக் மாதிரிப் பெயின்றும் போட்டாச் சுவர் உள்ளுக்குள்ள அழுகும் எண்டத எங்களுக்குச் சொன்னது ஆரையம்பதியில இருந்து வந்த ஒரு வயசான மேசன் மாமா. டவுன் பாஸ் கால் மணித்தியாலம் பாத்த சுவர இவர் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தட்டித் தட்டிப் பாத்தார். தட்டுறது, காத வைச்சுக் கேக்கிறது, சோக்கால கோடு போடுறது. தேத்தண்ணி ஆறிப் போயிட்டு, அவர் குடிக்கல.

ஷோகேஸ எடுத்தாத்தான் கிழக்குச் சுவரத் தட்டலாம் எண்டார். அந்த ஷோகேஸ் ஒரு ஆறடி அகலம், கண்ணாடிக் கதவு, நான் அறிஞ்ச நாள்ல இருந்து அந்த இடத்துலதான். சின்னம்மா குவைத்துல வீட்டு வேலைக்கு இருந்த நேரம் அனுப்பின கப் செற், தம்பிட விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்கள், பிளாஸ்ரிக் றோசாப் பூ, என்ட சாமத்தியச் சடங்கு அல்பம். சாமான் எல்லாத்தையும் இறக்கி, நாலு பேர் பிடிச்சு இழுத்தம். பின்னால சுவர்ல கப்போட் மாதிரிச் சதுரமா ஒரு கோடு. சாந்து நிறம் வேற. மேசன் மாமா உளிய வைச்சு ரெண்டு அடி அடிச்சார், சுத்தி எல்லாம் செங்கல்லு, அந்தச் சதுரத்துக்குள்ள மட்டும் சீமெந்துக் கல்லு. "இதுல ஜன்னல் இருந்திருக்கு மகள்" எண்டார்.

நான் வெளியில ஓடிப்போய்ப் பாத்தன். வெளிச்சுவர்ல, அந்த இடத்துக்கு நேர மேல, ஒரு சன்ஷேட் நீட்டிக்கொண்டு நிக்குது. கீழ ஜன்னல் இல்ல, ஆனா சன்ஷேட் இருக்கு. முப்பத்துநாலு வருசமா அதுக்குக் கீழதான் சைக்கிள் விடுறம், மழைக்கு அதுலதான் ஒதுங்குறம். ஒரு நாள் கூட ஏன் இது இஞ்ச இருக்கு எண்டு நான் கேட்டதில்ல.

அம்மா விறாந்தையில இருந்து எழும்பி வரல. நான் போய்க் கேட்டன். அவ வெத்திலைய மடிச்சபடி, "ஓம், ஜன்னல்தான். 90ல அப்பா மூடினவர்" எண்டா. அந்த வருசம் ஆனி மாசம் சண்டை தொடங்கின கையோட வீட்டப் பூட்டிட்டு வெளிக்கிட்டவங்க, கொஞ்ச மாசத்தால திரும்பி வந்து பாத்தா ஒழுங்கைப் பக்கத்துக் கண்ணாடி எல்லாம் சில்லாக் கிடந்திருக்கு. அம்மப்பா ஒருத்தரிட்டயும் ஒண்டும் கதைக்காம கல்லு வாங்கிப் போட்டு, ரெண்டு நாள்ல தானே வைச்சுக் கட்டியிருக்கார். சாந்து காயுமட்டும் பாத்துக்கொண்டிருந்து மறுகா ஷோகேஸக் கொண்டந்து முன்னுக்கு வைச்சிருக்கார். நான் பிறந்தது அதுக்கு அடுத்த வருசம்.

திறப்பமா எண்டு கேட்டன்.

"கட்டினவர் இல்லையே புள்ள. யாரைக் கேக்கிற?"

நான் ஒண்டும் சொல்லல. அண்டைக்கு மேசன் மாமாவ மற்றச் சுவர்ல வேலை பாக்கச் சொல்லிட்டு விட்டிட்டம். ரெண்டு நாள் போச்சு. மூண்டாம் நாள் காலையில அம்மா ஹோலுக்குள்ள வந்து அந்தச் சதுரத்துக்கு முன்னால நிண்டு, உள்ளங்கையச் சுவர்ல வைச்சுக்கொண்டு சொன்னா, "திறக்க வேணாமெண்டு அப்பா ஒரு நாளும் சொல்லல்லதானே. மூடினதோட சரி, அதப் பத்திக் கதைக்கவே இல்ல. திறக்கிறதெண்டாத் திறங்க." சொல்லிட்டுக் கிறுகிப் பாக்காமக் குசினிக்குப் போயிட்டா.

வேலை எண்டு பாத்தா அது லேசான வேலைதான். புதுசா ஒரு சுவர்ல ஜன்னல் வெட்டுறதெண்டா மேல சுவர்ப் பாரத்தத் தாங்க லின்டல் போடணும், ரெண்டு பக்கமும் ஆறு இஞ்சியாவது சுவருக்குள்ள போகணும், அதுவரைக்கும் முட்டுக் குடுத்து வைக்கணும். இஞ்ச பழைய லின்டல் அப்பிடியே கிடந்திச்சு, 61ல போட்டது, ஒரு வெடிப்பும் இல்ல. மேல் வரிசையில இருந்து ஒவ்வொரு கல்லா எடுத்தார். முதல் கல்லு வெளியில போன உடன ஒரு பட்டை வெயில் தூசுக்குள்ளால நேர வந்து எதிர்ச் சுவர்ல அடிச்சிச்சு, அம்மம்மாட போட்டோவுக்கு ஒரு முழம் கீழ. மகன் அந்த வெளிச்சத்துல கைய விட்டு விட்டு எடுத்தான். அவன் பிறந்து ஆறு வருசத்துல காலை வெயில் அந்தச் சுவர்ல பட்டு நான் பாத்ததில்ல, என்ட முப்பத்துநாலு வருசத்துலயும்தான்.

எங்கட ஊர்ல ஜன்னல் எந்தப் பக்கம் எண்டது பெரிய விசயம். வைகாசியில இருந்து ஆவணி மட்டும் மேற்கால கச்சான் அடிக்கும், சூடு, வரட்சி, வாயெல்லாம் மண். எங்கட ஹோலுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஜன்னல் மேற்குப் பக்கம். அதனால அதையும் பூட்டித்தான் வைக்கிறது, பூட்டினா காத்தில்ல, ஃபான் அஞ்சுல சுத்தி இருக்கிற சூட்டையே கலக்கும். கிழக்கால திறந்த உடன மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்து வருது, மேற்குக் கதவக் கொஞ்சம் நீக்கி விட்டா அது உள்ளுக்கால புகுந்து அங்கால போகுது. இப்ப ஃபான் ரெண்டுல போதும். அம்மம்மாட தகப்பன் வீடு கட்டின நேரம் இதெல்லாம் யோசிச்சுத்தான் வைச்சிருக்கார். அந்த ஒரு ஜன்னல் போனதோட வீட்டுட கணக்கே பிழைச்சுப் போயிட்டு.

உப்புச் சுவர் வேலைய எழுதி வைக்கிறன், கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு உதவும். நாலரை அடி உயரத்துக்குப் பழைய சாந்து முழுக்கக் கொத்தி எடுத்தம். செங்கல்ல வெறுமனே விட்டம், சித்திரைக் கடைசியில இருந்து ஆடி நடுவு மட்டும். கிழமைக்கு ரெண்டு தரம் காஞ்ச பிரஷ்ஷால உப்பத் தட்டி, கூட்டி அள்ளி, வளவுக்கு வெளியில கொண்டு போய்க் கொட்டினம். தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது, கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளுக்கத்தான் போகும். சுவரடியில கொட்டினாலும் அதேதான். முதல் மாசம் கூட்டினா ஒரு சுளகு நிறைய வரும், கடைசியா ஒரு கை அளவுதான். வாறாக்கள் எல்லாம் "என்னகா இது, இடிஞ்ச வீடு மாதிரிக் கிடக்கு" எண்டு கேட்டாங்க. கேக்கட்டும். இந்தப் பொறுமைதான் வேலை. மறுகா ஆத்து மண், கடல் மண் இல்ல, அதோட சுண்ணாம்பு சேத்துப் பூச்சு, மெல்லக் காயட்டுமெண்டு சாக்கு நனைச்சுத் தொங்க விட்டு, மேல சுண்ணாம்பு மூண்டு கோற். வெள்ளை பளிச்செண்டு இருக்க அம்மா சொன்ன மாதிரி உடுப்புக்குப் போடுற நீலம் ஒரு துளி. சுண்ணாம்புச் சுவர்ல உப்புப் பூத்தாலும் பிரஷ்ஷால தட்டிட்டு ஒரு கோற் அடிச்சாச் சரி, வருசா வருசம் தைப்பொங்கலுக்கு எங்கட ஆக்கள் வெள்ளையடிச்ச காரணமும் அதுதான் போல.

மேல் பாதிக்குச் சாதாரண இமல்ஷன். கடையில பத்து லீற்றர் வாளி எண்டாங்க. ஒரு லீற்றர் ஒரு கோற்றுக்குக் குறைஞ்சது பத்துச் சதுர மீற்றர் பிடிக்கும், எங்கட ஹோல் பதினெட்டுக்குப் பதினாலு, மேல் பாதி மட்டும் எண்டா ரெண்டு கோற்றுக்கு ஆறு லீற்றர் போதும். நாலு லீற்றர் ஒண்டும் ஒரு லீற்றர் ரெண்டும் வாங்கினம், ஒரு கரண்டி மிஞ்சினது. கூரைச் சீற்றுல கை வைக்கல. 78 சூறாவளியில ஓடு முழுக்கப் போய் அதுக்குப் பிறகு போட்ட அஸ்பெஸ்டஸ் சீற் அது, துளைச்சா உடைச்சா வாற தூசு நெஞ்சுக்குக் கூடாது, இழுப்புக்காரப் பிள்ளை இருக்கிற வீட்டுல அந்த விளையாட்டு வேணாம். அதுக்குத் தனியாக் காசு சேத்து ஒழுங்கா மாத்தணும். வயரிங்குல எர்த் இல்லாம இருந்திச்சு, அத மாத்தி ட்ரிப் சுவிச் போட்டாச்சு. நாலடி ரியூப்லைற்றக் கழட்டிட்டு எல்.ஈ.டி, கரண்ட் பாதிதான். மூலைக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் 3000 கெல்வின், அந்த நீல வெள்ளை லைற் ராவுல முகத்தையெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரிக் காட்டும்.

தரையப் பத்தி நான் பிடிவாதமா நிண்டன். சிவப்புச் சீமெந்துத் தரை இப்ப பழசு எண்டு எல்லாரும் சொல்றாங்க, சொந்தக்காரர் வந்தாக் கேக்கிற முதல் கேள்வியே "மாபிள் போடல்லயா". ஆனா அந்தத் தரையில வெறுங்காலோட ஒரு தரம் நடந்து பாருங்க, கச்சான் காலத்துலயும் குளிர்ச்சியா இருக்கும். அறுபது வருச மெழுகு அடை அடையாக் கறுத்துப் போய் இருந்ததாலதான் அது பழசாத் தெரிஞ்சது. சலவைச் சோடா கரைச்ச சுடுதண்ணி ஊத்தி, பழைய மெழுக கரண்டியால சுரண்டி எடுத்தம், நானும் தங்கச்சியும் முழங்காலப் போட்டு நாலு நாள். வெடிப்புக்கு சிவப்பு ஒக்சைட் கலந்த சீமெந்து, நிறம் சரியாப் பொருந்தல, பாத்தாத் தெரியும், தெரியட்டும். மறுகா மெழுகு மெல்லிசாப் பூசித் தேங்காப் பொச்சால தேய்ச்சது. சின்ன வயசில அம்மம்மா பொச்சுல கால வைச்சு இடுப்பாட்டி இடுப்பாட்டித் தேய்க்கிறதப் பாத்திருக்கன், அதே மாதிரி மகன் இப்ப அங்கால இங்கால ஓடி ஓடித் தேய்க்கிறான்.

கதிரைகள் முதிரை மரம். பிரம்பு அறுந்து போய், ரெக்சின் போட்டு ஆணி அடிச்சு வைச்சிருந்தம். ரெக்சினக் கழட்டி, கறுப்பு வார்னிஷ உரசி எடுத்தா உள்ளுக்க தேன் மாதிரி மஞ்சள், வெயில்ல திருப்பினா பட்டு மாதிரி ஒரு மினுக்கம் ஓடுது. இந்த மரத்துக்கு மேல எந்தக் காலத்துல யாருக்குக் கறுப்பு அடிக்க மனம் வந்திச்சோ தெரியா. பிரம்பு பின்னுறவர் பிரம்பத் தண்ணியில ஊற வைச்சுத்தான் இழுத்தார், காய்ஞ்ச பிறகு மேளம் மாதிரி இறுகிட்டு. பெரிய செற்றிய வித்திட்டம். புதுசா ஒரு ஸோபாவும் வாங்கல, வேணுமெண்டே வாங்கல. எங்கட ஹோல் ஒரு வீட்டுக்கு ரிவி பாக்கிற இடம் மட்டும் இல்ல. சாமத்தியச் சடங்கெண்டா இதுல, கலியாணப் பேச்செண்டா இதுல, செத்த வீடெண்டாலும் இதுலதான் நடுவுல கிடத்துறது. ஒரு அரை மணித்தியாலத்துல எல்லாத்தையும் தூக்கி வெளியில வைச்சுப் பன்பாய் விரிக்க ஏலணும். ரெண்டு பேர் தூக்கேலாத சாமான் இந்த ஹோலுக்கு வேணாம் எண்டதுதான் நான் வைச்ச ஒரே சட்டம். முந்தி கதிரை எல்லாம் சுவரோட ஒட்டி, கிளினிக்குல நம்பர் எடுத்திட்டு இருக்கிற மாதிரி வரிசையா இருந்திச்சு, இப்ப ரெண்டு ரெண்டா முகம் பாத்துப் போட்டிருக்கம், கதைக்கத் தொண்டையக் கிழிக்கத் தேவையில்ல.

அந்தச் சட்டத்தால ஷோகேஸுக்கு இடமில்லாமப் போயிட்டு. சின்னம்மாக்கு வட்ஸ்அப்புல கேட்டன், கப் செற்ற என்ன செய்ய எண்டு. கொஞ்ச நேரம் பதில் வரல, பிறகு "பாவிங்க, நான் அனுப்பினது குடிக்கத்தான், நீங்கதான் பூட்டி வைச்ச" எண்டு போட்டிருந்தா. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிப் போயிட்டு. அந்த வெயில்ல, அந்த வீடுகள்ல நிண்டு உழைச்ச காசுல வாங்கினது, இருபது வருசத்துக்கு மேலக் கண்ணாடிக்குள்ள இருந்திருக்கு. இப்ப வாற ஆக்களுக்கெல்லாம் அதுலதான் தேத்தண்ணி. ஒண்டு உடைஞ்சிட்டு, ஒரு கவலையும் இல்ல. ஷோகேஸ்ட பலகையில தச்சு வேலை செய்யிற ஓடாவி ரெண்டு தட்டு அடிச்சுத் தந்தார், கிண்ணமும் அல்பமும் அதுல.

ஜன்னல் கேட்டின் துணி எடுக்க மருதமுனைக்குப் போனம். கல்முனை பஸ்ல ஏறினா காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு எண்டு கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். கைத்தறித் துணி, நெய்யிற வீட்டுலயே யார்க் கணக்குல எடுத்தம், வெள்ளையில கடல் பச்சைக் கோடு போட்டது. அந்த வீட்டு உம்மா, தைக்க முந்தி ஒரு தரம் தண்ணியில ஊறப் போடச் சொல்லி விட்டா, நல்ல காலம், ஒரு யார்த் துணிக்கு ரெண்டு இஞ்சி சுருங்கிச்சு. கடையில வாங்கின பொலியெஸ்டர்த் துணி காத்த அடைக்கும், இது காத்து வந்தா வயிறு மாதிரி ஊதி உள்ளுக்க வந்து அடங்குது. தறி முன்னால மகன் வாயப் பிளந்துகொண்டு நிண்டான், கூட்டிக்கொண்டு வாறதே பெரும்பாடு.

இனி ஜன்னல் கதவு. அம்மப்பா மூடின நேரம் ரெண்டு கதவையும் கழட்டிப் பரண்ல போட்டிருக்கார். சுனாமிக்குப் பிறகு கோழிக்கூட்டுக்கு மேல போடவெண்டு ஒண்ட யாரோ எடுத்து, அது மழையில ஊறி உக்கிப் போச்சு. மற்றது பரண்ல தூசுக்குள்ள இருந்திச்சு, பச்சை எனாமல் பெயின்ற். பழைய எனாமல்ல ஈயம் இருக்கும், 2013ல இருந்துதான் இலங்கையில பெயின்ற்றுல ஈயத்துக்கு எல்லை வைச்சது, அதனால வெளிப்பக்கத்த ஈரம் போட்டுத்தான் உரசினம், மகன அண்டைக்கு அத்தை வீட்ட அனுப்பிட்டம். உரசின தண்ணியையும் வளவுல ஊத்தல.

கதவக் கிறுக்கி உள்பக்கத்தத் துடைக்க வெளிக்கிட்ட நேரம் அம்மா "நில்லு நில்லு" எண்டா. தாழ்ப்பாளுக்குக் கிட்ட, வலது கை விரல் எட்டுற உயரத்துல, வரிசை வரிசையா வெள்ளைப் புள்ளி. விரல் நுனி அளவு. அஞ்சு அஞ்சாக் கூட்டி, கடைசி வரிசையில மூண்டோட நிக்குது. எருமைத் தயிர்க்காரர் காவடி மாதிரித் தோள்ல தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள்ளால வருவாராம், அம்மம்மா ஜன்னலுக்கால கைய நீட்டித் தயிர்ச்சட்டிய வாங்கிப்போட்டு, வெத்திலைக்குத் தடவின சுண்ணாம்பு விரல்ல இருக்கும்தானே, அதால கதவுல ஒரு புள்ளி. மாசக் கடைசியில எண்ணிக் காசு. அம்மா அந்த மூண்டு புள்ளியையும் தொடாம விரலக் கிட்டக் கொண்டு போய்க் கொண்டு போய் எடுத்தா. அந்த மாசக் காசு குடுபட்டுதோ தெரியாது எண்டா.

உள்பக்கத்துக்குப் பெயின்ற் இல்ல. தூசு மட்டும் காஞ்ச துணியால தட்டி, நிறமில்லாத பொலிஷ் அந்தப் புள்ளி இருக்கிற இடத்த விட்டிட்டுச் சுத்தி அடிச்சிருக்கு. கதவு மாட்டின அண்டு பின்னேரம் அம்மா தன்ட கதிரைய விறாந்தையில இருந்து தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலடியில போட்டா. ஒழுங்கையால போற ஆக்கள் நிண்டு கதைக்கிறாங்க, மீன்காரர் இப்ப கேற்றுல கூப்பிடாம ஜன்னல்லயே வந்து சட்டியக் காட்டுறார்.

ஒரு பக்கம் மட்டும்தான் கதவு இருக்கு. மற்றப் பக்கத்துக்கு இப்போதைக்குத் தறப்பாள் கட்டியிருக்கம். ஐப்பசி பிறக்கப் போகுது, வாடை கிளம்பினா அந்தச் சன்ஷேட் காணாது, மழை நேர உள்ளுக்கதான் அடிக்கும். ஓடாவி அதே அளவுல முதிரையில அறுத்து வைச்சிருக்கார், பழைய கதவுட பிணைச்சலப் போலவே ஒரு சோடி தேடிக்கொண்டிருந்தார், கிடைச்சிட்டாம், வெள்ளிக்கிழமை கொண்டுவாறன் எண்டிருக்கார்.